ரூட் இல்லாமல் வைஃபை ஸ்கேன்: கானாடுகாத்தான் வீட்டில் பழகிய அனுபவம்

கானாடுகாத்தானில், விருந்தினர் தங்க விட்டிருக்கும் ஒரு பழைய வீட்டின் நெட்வொர்க்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முகப்பில் ரவுட்டர். வளவைத் (முதல் முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் படுத்துவிடும், சுவரின் கனம் அப்படி. எந்தக் கட்டில் எது எவ்வளவு எட்டுகிறது என்று குறிக்க, லினக்ஸ் லேப்டாப்பில் சின்ன பைத்தான் புரோகிராம் ஒன்று வெகுநாளாக ஓடுகிறது. அது ஸ்கேன் செய்து, அதாவது சுற்றிலும் எட்டும் வைஃபை நெட்வொர்க்குகளைத் தேடி, பட்டியல் போடும்.

சாதாரண பயனராக ஓட்டினால் இணைந்திருக்கும் நெட்வொர்க் மட்டும் வரும். சுடோ போட்டு 'ரூட்' என்ற முழு நிர்வாக உரிமையோடு ஓட்டினால் தெருவில் உள்ளதெல்லாம் வரும். வைஃபை கார்டை மாற்றச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் கார்டில் ஒரு குறையும் இல்லை. புதிதாக ஸ்கேன் செய்யும்படி லினக்ஸின் மையமான கெர்னலிடம் நேரடியாகக் கேட்க, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் 'கேப் நெட் அட்மின்' உரிமை வேண்டும். ஸ்கேன் செய்யும் பழைய கட்டளையான 'ஐடபிள்யூலிஸ்ட்' அந்த உரிமை கிடைக்காதபோது சத்தமே இல்லாமல் கெர்னலிடம் மிச்சமிருக்கும் பட்டியலை எடுத்து நீட்டிவிடும். அந்தப் பட்டியலில் 30 விநாடிக்கு மேல் கண்ணில் படாதவை கழிந்துவிடும், இணைப்பில் உள்ளது மட்டும் தங்கும். ஆட்களைக் குழப்புவது இதுதான்.

அதற்குப் பின் வந்த 'ஐடபிள்யூ' கட்டளை எவ்வளவோ மேல். அனுமதி இல்லையென்றால் மைனஸ் 1 என்ற பிழை எண்ணை நேரே சொல்லிவிடும். மைனஸ் 16 வந்தால் வேறு யாரோ ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டால் போதும். மைனஸ் 100 என்றால் வைஃபை இன்டர்ஃபேஸ் அணைந்து கிடக்கிறது.

பைத்தானுக்கே அந்த 'கேப் நெட் அட்மின்' உரிமையை 'செட்கேப்' கட்டளை மூலம் கொடுத்துவிடலாம் என்பார்கள். வேண்டாம், அந்தப் பைத்தானில் ஓடும் எல்லா ஸ்கிரிப்டுக்கும் அது போய்ச் சேரும். இணைப்புகளைக் கவனிக்கும், அந்த உரிமை ஏற்கெனவே உள்ள சேவையான நெட்வொர்க் மேனேஜரிடம், புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியாகக் கேட்பதுதான் எனக்கு நிலைத்து உழைத்தது. ஸ்கேன் கேட்கும் 'ரிக்வெஸ்ட் ஸ்கேன்' அழைப்பு உடனே திரும்பிவிடும், அதற்குள் ஸ்கேன் முடிந்திருக்காது. கடைசி ஸ்கேன் நேரத்தைச் சொல்லும் 'லாஸ்ட் ஸ்கேன்' மதிப்பு மாறும்வரை காத்திருந்துதான் பட்டியலை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்படியில் நின்றுகொண்டு முகப்பின் சிக்னலைக் குறித்துக்கொண்டிருப்போம்.

வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து ஓட்டினால், யாருக்கு எதற்கு அனுமதி என்று முடிவு செய்யும் போல்கிட் தடுக்கக்கூடும், அதற்குத் தனி விதி எழுத வேண்டும். சரி, போனிலேயே அளந்துவிடலாமே என்றால், ஆண்ட்ராய்டு 9 முதல் திரையில் இருக்கும் செயலிக்கே 2 நிமிடத்துக்கு 4 ஸ்கேன்தான். கட்டுக்குக் கட்டு நடந்து அளக்க அது போதாது.