ஸ்ட்ரோக்கர் இன்ஜின் கட்டக் கொடுக்கும் சென்னைப் பந்தய நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னையின் தென்புறநகரில் பந்தய இன்ஜின் கட்டித் தருவதாகச் சொல்லி இயங்கும் ஒரு கடையில், என் பழைய மாருதி எஸ்டீம் காருக்கு ஸ்ட்ரோக்கர் இன்ஜின் (பிஸ்டன் நகரும் தூரத்தைக் கூட்டிக் கொள்ளளவைப் பெரிதாக்கிய இன்ஜின்) கட்டக் கொடுத்து, முன்பணமும் மீதியுமாக நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறேன். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதாலும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் சிலர் அடுத்த பருவத்துக்கு இதே வகை வேலையைத் திட்டமிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டதாலும் விவரமாக எழுதுகிறேன்.

பேசிக்கொண்டது இதுதான். எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் உச்சிக்கும் அடிக்கும் இடையே நகரும் தூரம்) 75.5 மி.மீ.; கொள்ளளவு 1298 சிசி. கிராங்க் என்ற சுழல்தண்டின் பின்களை, அதாவது ராடுகள் மாட்டும் உருளைப் பகுதிகளை, மையம் விலக்கி அரைத்து, அவற்றின் விட்டத்தை 42-லிருந்து 38 மி.மீ. ஆகக் குறைத்தால், பின்னின் மையம் 2 மி.மீ. வெளியே நகரும், ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடி 79.5 ஆகும். அதோடு போரையும் 74.5-க்கு எடுத்தால் 1386 சிசி கிடைக்கும். சிறிய பின்னுக்கேற்ற, ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) கனெக்டிங் ராடுகள் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டுகள்), ராடு மாட்டும் துளை 2 மி.மீ. மேலே தள்ளிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள், புதிய ராடு போல்ட்டுகள், அரைத்த பிறகு கிராங்க்குக்கு நைட்ரைடிங் (மேற்பரப்பைக் கடினமாக்கும் பதப்படுத்தல்), டைனமிக் பேலன்சிங் (சுழலும்போது அதிராதபடி எடையைச் சமன்செய்தல்) ஆகிய அனைத்தும் மதிப்பீட்டுத் தாளில் தனித்தனி வரிகளாக, தனித்தனி விலையோடு எழுதப்பட்டிருந்தன. அந்தத் தாள் இன்று எனக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

இந்த வேலையில் விலை ஏன் ஏறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஏமாற்று எங்கே நுழைகிறது என்பதும் புரியும். ஸ்ட்ரோக் 4 மி.மீ. கூடும்போது பிஸ்டன் உச்சியில் 2 மி.மீ. கூடுதலாக மேலே வரும். ராடின் நீளம் மாறாவிட்டால் அந்த 2 மி.மீட்டரைப் பிஸ்டனின் உயரத்திலிருந்துதான் குறைக்க வேண்டும். ஆகவே கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பிஸ்டன் உதவாது. அளவு கொடுத்துச் செய்ய வேண்டும். 7200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7200 சுழற்சிகளில்) பழைய ஸ்ட்ரோக்கில் நொடிக்கு சுமார் 18.1 மீட்டராக இருக்கும் பிஸ்டனின் சராசரி வேகம், புதிய ஸ்ட்ரோக்கில் சுமார் 19.1 மீட்டராகிறது. ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்க வேண்டிய இழுவிசை ஸ்ட்ரோக்கோடு நேர்விகிதத்திலும், சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. இவற்றையெல்லாம் விட முக்கியமானது கிராங்க் பின்னும் அதன் பக்கச் சுவரும் சேரும் மூலையில் உள்ள வளைவு. அரைப்பவர் அந்த வளைவைக் காப்பாற்றாமல் கல்லை நேராக இறக்கிவிட்டால், மூலை கூர்மையாகி, முறுக்கும் விசையும் வளைக்கும் விசையும் தரும் அழுத்தமெல்லாம் அந்த ஒரு கோட்டில் குவியும். நைட்ரைடிங் தரும் கடினத் தோல் மில்லிமீட்டரில் ஒரு பங்குதான் என்பதால், அரைத்த கிராங்க்கை மறுபடியும் நைட்ரைடு செய்யாமல் விட்டால் தோலுரித்த கிராங்க்கைத்தான் பந்தயத்துக்கு எடுத்துச் செல்கிறோம்.

வேலை நடந்தபோது கடைக்காரர் வாட்ஸாப்பில் படங்கள் அனுப்பினார்: மேசையில் பளபளக்கும் ராடுகள், நைட்ரைடிங்கின் சாம்பல் நிறத்தோடு ஒரு கிராங்க், பெட்டியில் நான்கு பிஸ்டன்கள். இன்ஜினை மூடுவதற்கு முன் சொல்லுங்கள், நானே வந்து அளவு பார்க்கிறேன் என்று எழுதியிருந்தேன். மூடிய பிறகுதான் அழைப்பு வந்தது. அவசரம், ஆள் இல்லை, கேஸ்கெட் ஒட்டிவிட்டோம் என்று காரணங்கள் வரிசையாக வந்தன.

காரோடு ஒரு டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி) தாளும் தந்தார்கள். 6800 ஆர்பிஎம்மில் 128 குதிரைத்திறன் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதே வேகத்தில் டார்க் (முறுக்குவிசை) கோடு 118 நியூட்டன் மீட்டரில் நின்றது. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வர வேண்டும். அப்படி வகுத்தால் கிடைப்பது 113-க்குச் சற்றுக் குறைவு. ஒரே ஓட்டத்தில் எடுத்த இரண்டு கோடுகள் இப்படி முரண்பட முடியாது. தாளில் தேதி இல்லை, காற்றின் வெப்பநிலை இல்லை, திருத்தக் காரணி இல்லை, வண்டியின் அடையாளமும் இல்லை. இதைக் கேட்டபோது, மென்பொருள் அப்படித்தான் அச்சிடும் என்று பதில் வந்தது. டைனோ தாளை நம்பி மீதிப் பணத்தைக் கொடுக்கும் எவரும் இந்த ஒரு வகுத்தலைக் கைபேசியிலேயே செய்து பார்த்துவிடலாம்.

பயிற்சி ஓட்டங்களில் இன்ஜின் ஓடியது. பழையதைவிடச் சற்று விறுவிறுப்பாகவும் இருந்தது. புதிதாகப் போர் எடுத்து ரிங் மாற்றிய எந்த இன்ஜினும் அப்படித்தான் இருக்கும். பந்தய வார இறுதியில், 3.7 கிலோமீட்டர் சுற்றின் நேர் பகுதியில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு அதிர்வும், தொடர்ந்து இரும்பு இடிக்கும் ஓசையும் வந்து இன்ஜின் நின்றது. பின்னால் வந்தவர்கள் விலகிச் சென்றதால் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. தடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் கதை வேறு.

“சார், நீங்க ஓவர்ரெவ் பண்ணியிருக்கீங்க, இல்லன்னா வளைவுல ஆயில் ஒதுங்கியிருக்கும்” என்று போனிலேயே தீர்ப்புச் சொன்ன கடைக்காரர், இன்ஜினைத் திறக்காமல் அப்படியே அனுப்பினால் வாரண்டியில் பார்த்துத் தருவதாகவும் சொன்னார். இந்த இடத்தில்தான் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) உள்ள இன்ஜினில் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுவது உண்மையில் நடப்பதுதான். ஆகவே அந்தக் குற்றச்சாட்டு நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் என் காரில் ஆர்பிஎம்மையும் ஆயில் அழுத்தத்தையும் பதிவு செய்யும் கருவி இருந்தது. அதில் இன்ஜினின் சுழற்சி 7200 ஆர்பிஎம் வரம்பைத் தாண்டவில்லை; உடையும் நொடிவரை அழுத்தமும் விழவில்லை. இன்ஜினைத் திருப்பி அனுப்பியிருந்தால் சான்று முழுவதும் அவர் கைக்குப் போயிருக்கும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரி கிராங்க்குகளை அரைத்துத் தரும் பழைய பட்டறை ஒன்றில், வீடியோ எடுத்தபடியே இன்ஜினைத் திறந்தோம். கிராங்க் இரண்டாவது பின்னின் மூலையில் இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தின் ஒரு பகுதி வழுவழுப்பாக, மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்கடுக்கான கோடுகளோடும், எஞ்சிய பகுதி சொரசொரப்பாகவும் இருந்தது. ஒரே அடியில் முறிந்த இரும்பில் அந்தக் கோடுகள் இருக்காது. விரிசல் ஓரிடத்தில் தொடங்கிச் சுமை ஏறி இறங்க ஏறி இறங்கச் சிறிது சிறிதாக வளர்ந்ததன் அடையாளம் அது. உடையாத பின்களின் மூலைகளில் ஒரு மில்லிமீட்டர் ரேடியஸ் கேஜ் (வளைவை அளக்கும் தகடு) கூட உட்காரவில்லை. மெயின் பேரிங்குகளும் மற்ற மூன்று ராடுகளின் பேரிங்குகளும் சுத்தமாக இருந்தன. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் அவற்றின் மேல் பூச்சு வழித்துக்கொண்டு போயிருக்கும்.

அதன்பின் பட்டறைப் பெரியவர் உடையாத பின்களில் மைக்ரோமீட்டரை வைத்தார். 41.5 மி.மீ. காட்டியது. அதாவது சாதாரண ரீகண்டிஷன் வேலையில் செய்வதுபோல 0.50 மி.மீ. மட்டும் அரைத்து, வாகன உதிரிக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 0.50 அண்டர்சைஸ் பேரிங்கைப் போட்டிருந்தார்கள். ஸ்ட்ரோக் 75.5, ஒரு நூல் அளவும் மாறவில்லை. பிஸ்டன்கள் சந்தையில் கிடைக்கும் 0.50 ஓவர்சைஸ் வார்ப்புப் பிஸ்டன்கள். ஒன்றுக்கொன்று எடை வேறுபாடு கிராம் கணக்கில் இருந்ததால் பேலன்சிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. ராடுகள் காரோடு வந்த பழைய ராடுகள். போல்ட்டுகளின் கழுத்து இழுபட்டு மெலிந்திருந்தது. 1386 சிசி என்று விற்கப்பட்ட இன்ஜின் 1316 சிசி. படத்தில் வந்த கிராங்க்கின் சுவரில் தெளிவாகத் தெரியும் முத்திரை எண், உடைந்த கிராங்க்கில் இல்லவே இல்லை. ஸ்ட்ரோக்கர் விலைக்கு வெறும் போரிங்கும் கிரைண்டிங்கும் விற்கப்பட்டிருக்கிறது, அதையும் மோசமாகச் செய்து.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே இந்த ஊரில் இன்ஜின் கட்டும் தேர்ந்த கைகள் உண்டு. அவர்களில் பலர் அளவுத்தாள் இல்லாமல் ஓர் இன்ஜினையும் வெளியே அனுப்புவதில்லை. ஆகவே ஊரிலுள்ள கடைகளையெல்லாம் பழிப்பது என் நோக்கமன்று.

பட்டறையில் எழுதி வாங்கிய அறிக்கையோடு பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பேச்சு வேறு திசையில் போனது. இன்ஜினை மாற்றிக் கட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, புகார் கொடுத்தால் உங்கள் ஆர்.சி.தான் போகும் என்றார் கடைக்காரர். பலர் வாயை மூடிக்கொண்டு போவதற்கு இந்த மிரட்டலே காரணம் என்று பின்னர் தெரிந்தது. என் கார் பதிவை முறைப்படி ரத்து செய்து, ட்ரெய்லரில் மட்டுமே தடத்துக்குப் போவது. ஆகவே அது என்னிடம் பலிக்கவில்லை. பந்தயக் காரைப் பதிவோடு வைத்திருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு கடைக்காரர் ஒரு சிறு தொகையைத் தருவதாகச் சொல்லி, உடைந்த கிராங்க்கைப் பதிலுக்குக் கேட்டார். மறுத்துவிட்டேன்.

ஏற்கெனவே இப்படி ஓர் இன்ஜினை வாங்கி வைத்திருப்பவர்கள் திறக்காமலேயே ஸ்ட்ரோக்கைச் சரிபார்க்கலாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஆழமானியின் கம்பியை பிஸ்டனின் தலையில் படும்படி இறக்கி, கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது ஓர் அளவும் அடியில் இருக்கும்போது ஓர் அளவும் எடுத்துக் கழித்தால் போதும். பிளக் துளை சாய்வாக இருந்தால் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆகவே வரும் எண் சொன்ன ஸ்ட்ரோக்கைவிடக் குறைவாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அளவு பொருந்தவில்லை என்றால் காரை ஓட்டாதீர்கள், வாரண்டி என்ற பெயரில் இன்ஜினைக் கடைக்கு அனுப்பவும் வேண்டாம். வேறொரு பட்டறையில் வீடியோவோடு திறந்து, அளவுகளை அவர்களின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி, உதிரிகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த அறிக்கையைக் கடைப்பெயர் மறைத்து, மாதிரிக்காகக் கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.