அரச கரண்டா, தனியார் கரண்டா? கடைசிக் கம்பத்திலிருந்து ஒரு பாவனையாளரின் அனுபவம்

தோட்டத்து மோட்டர் மறுபடியும் எரிந்து, புதுக்குடியிருப்பில் கொடுத்து வைண்டிங் (மோட்டருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) கட்டி எடுத்து வந்த கிழமையில்தான் கொழும்புப் பக்கம் நுகேகொடையில் இருக்கும் மச்சான் போன் எடுத்தான். "கரண்டைத் தனியாருக்குக் குடுத்தா உங்களுக்கும் எங்களைப் போல ஒழுங்கா வரும்தானே, பிறகேன் எல்லாரும் வேண்டாம் எண்டு நிக்கிறியள்?" என்று கேட்டான். போனில் நான் சொன்ன பதில் பாதி கோபம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

யூனிட் விலை, பில் கட்டுவது, மீற்றர் வாசிப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் பேச வந்தது ஒன்றே ஒன்றைப் பற்றி: வோல்டேஜ்.

இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதிலிருந்து 6 சதவீதம் கூடலாம், 6 சதவீதம் குறையலாம் என்பது விதி. அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் முத்தையன்கட்டில் எங்கள் வாய்க்கால் கரை லைனின் கடைசிக் கம்பத்தில், பின்னேரம் ஆறரைக்குப் பிறகு மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் 180ஐச் சுற்றி நிற்கும். வெயில் காலத்தில், மிளகாய்க்கும் வாழைக்கும் எல்லோரும் தண்ணீர் இறைக்கிற நேரத்தில், அதற்கும் கீழே. பல்ப் மங்கும், ஃபேன் மெல்லச் சுற்றும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மோட்டரால் பொறுக்க முடியாது.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. ட்ரான்ஸ்போமர் சந்திக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து மெல்லிய கம்பி வாய்க்கால் வழியே நீண்டு வருகிறது. லைன் இழுத்த நாளில் இருந்தது கொஞ்ச வீடுகள். வீட்டுக்கு இரண்டு பல்ப், ஒரு டீவி. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், அயன் பொக்ஸ், கிணற்றில் ஒரு மோட்டர். கம்பி அதே கம்பிதான். வழியில் எல்லோரும் இழுக்க இழுக்க, கடைசி வீட்டுக்கு மிச்சம்தான் வரும். வாய்க்காலின் கடைவாயில் வயல் வைத்திருப்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மோட்டர் எரிவதும் கணக்குப்படிதான். சுழற்றும் பலம் வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதிலாக 180 கிடைத்தால் பலம் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். மோட்டர் உறுமும், சுற்றாது. சுற்றாமல் நிற்கும் நேரத்தில் இழுக்கிற கரண்ட் பல மடங்கு. அந்தச் சூட்டில் வைண்டிங்கின் வார்னிஷ் கருகிவிடும். "ஸ்டெபிலைசர் போடுங்கோ" என்று கடைக்காரர் சொல்வார். போடலாம். ஆனால் என் ஸ்டெபிலைசர் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்க லைனிலிருந்து கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இன்னும் குறையும். அவவும் ஒன்று வாங்கினால் எனக்குத் திரும்பக் குறையும். இதற்கெல்லாம் நாங்கள் காசு கொடுக்க வேண்டுமா?

தீர்வும் எல்லோருக்கும் தெரியும். இடையில் இன்னொரு ட்ரான்ஸ்போமர் வைக்க வேண்டும், அல்லது கம்பியைத் தடிப்பாக்க வேண்டும். குறைந்தபட்சம், ட்ரான்ஸ்போமரிலிருந்து கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் (ஃபேஸ்) ஒன்றிலேயே தொங்கும் வீடுகளைப் பிரித்து மற்ற இரண்டு ஃபேஸிலும் போட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் பெரிய செலவே இல்லை. மின்சார சபைக்கு எழுதிக் கொடுத்தோம், எல்லா வீட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தோம். "எஸ்டிமேட் போயிருக்கு", "காசு ஒதுக்கினாப் பிறகு பாப்பம்" என்பதுதான் இதுவரை கிடைத்த பதில். அந்த மேசையில் இருப்பவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். அவருக்கு மேலே யார் முடிவெடுக்கிறார், எப்போது எடுப்பார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

சரி, இப்போது நியாயத்துக்கு வருகிறேன். இந்த லைன் எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

போர்க்காலத்தில் வன்னிக்குள் இருந்தவர்களுக்குக் கரண்ட் என்றால் ஜெனரேட்டர், இல்லாவிட்டால் சைக்கிள் டைனமோ. மற்றப்படி போத்தல் விளக்கு. 2009க்குப் பிறகு மீள்குடியேறி தகரக் கொட்டிலில் இருந்த சனத்துக்கு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதிக் கரையில் கம்பங்கள் நட்டு, அங்கிருந்து காட்டோரக் கிராமங்களுக்கெல்லாம் பிரித்து இழுத்தது அரசுதான். ஒரு கம்பத்துக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் எத்தனை ஏக்கர் பற்றை கிடந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இலாபக் கணக்குப் பார்க்கும் எந்தக் கம்பனியும் அந்தக் கம்பியை இழுத்திருக்காது. மாதம் சில நூறு ரூபாய் பில் வரும் வீடுகளுக்காக யார் மைல் கணக்கில் லைன் போடுவான்?

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. நுகேகொடையில் மச்சான் கட்டும் யூனிட் விலையும் ஒட்டுசுட்டானில் நான் கட்டும் யூனிட் விலையும் ஒன்றுதான். நாடு முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணை. எனக்கு ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து சேர்க்க ஆகும் செலவு அவனுக்கு ஆகும் செலவைவிட எவ்வளவோ கூட. அந்த வித்தியாசத்தை நகரத்துப் பாவனையாளர்கள் தெரியாமலே தாங்குகிறார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

2020 டிசம்பரில் புரேவிப் புயல் வந்தபோது எங்கள் பக்கம் மரங்கள் லைனில் விழுந்து கிடந்தன. வீதியில் வெள்ளம். லைன் பொடியள் வாகனத்தை மேட்டில் விட்டுவிட்டு, ஊர் ட்ராக்டர் பெட்டியில் ஏணியோடு வந்து இறங்கினார்கள். மழையில் நனைந்தபடி கொப்பு வெட்டி, கம்பி இழுத்துக் கட்டி, இருட்டிய பிறகும் நின்று வேலை முடித்தார்கள். பிளேன்டீ கொடுத்தோம், வேறொன்றும் வாங்கவில்லை. இதுதான் இந்தச் சேவையில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம், பிறகும் பல மாரியில் பார்த்தது: விழுந்த லைனை உடனே கட்டுகிறார்கள். அதே ஆட்களால் விழாத லைனின் வோல்டேஜை ஏன் சரிசெய்ய முடியவில்லை? அவர்களால் முடியாமல் இல்லை. அவர்களுக்கு மேலே யாரும் கட்டளை போடவில்லை.

இனி மச்சானின் 'தனியார்'. நுகேகொடையில் அவனுக்குக் கரண்ட் கொடுக்கும், அவன் பெருமைப்படும் லெக்கோ கம்பனி உண்மையில் தனியார் இல்லை. பெயரில் 'பிரைவேட்' இருக்கிறது, அவ்வளவுதான். பங்குகள் அரச அமைப்புகளிடம் இருக்கின்றன. நகரசபைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் சீரில்லாமல் நடத்திய விநியோகத்தை எடுத்து நடத்த 1983இல் தொடங்கிய கம்பனி அது. நீர்கொழும்பிலிருந்து காலி வரையான மேற்குக் கரையோரத்தில், வீடும் கடையும் ஒட்டி ஒட்டி இருக்கும் இடங்களில் மட்டும் வேலை. நல்ல கம்பனிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மேட்டையும் காட்டையும் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு கிலோமீற்றர் கம்பியில் எத்தனை மீற்றர் தொங்குகிறது என்பதுதான் அங்கேயும் இங்கேயும் உள்ள முதல் வித்தியாசம். முதலாளி யார் என்பது அதற்குப் பிறகு.

உண்மையான தனியாரைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தியாவில் இரண்டு இடம் போதும். டில்லியில் 2002இல் விநியோகத்தைக் கொடுத்தார்கள். 51 சதவீதம் கம்பனிக்கு, 49 அரசுக்கு. திருட்டும் வசூலாகாத பில்லும் சேர்த்துப் பாதிக்கு மேல் போய்க்கொண்டிருந்த இழப்பு, பிறகு பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தது. அது பெரிய சாதனை, மறுக்க மாட்டேன். ஆனால் டில்லி நகரம்.

ஒடிசா எங்களைப் போன்ற இடம்: வயல், கரையோரம், புயல், ஏழைச் சனம். இந்தியாவில் முதன்முதலில் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தது அங்கேதான், 1999இல். நடு வலயத்தை ஏஇஎஸ் என்ற அமெரிக்கக் கம்பனி எடுத்தது. எடுத்துக் கொஞ்ச நாளிலேயே, அந்த ஒக்டோபரில், பெரும் சூறாவளி அந்த வலயத்தையே அடித்தது. 2001இல் கம்பனி கைவிட்டுப் போய்விட்டது. மற்ற மூன்று வலயங்களை வைத்திருந்தவர்களின் உரிமத்தை 2015இல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பறித்தது. 2020, 2021இல் டாடா பவர் வந்து நான்கையும் எடுத்து நடத்துகிறது. நான் இதில் பார்ப்பது அந்த 2001ஐத்தான். நட்டம் வந்தால் கம்பனிக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது. கடைசிக் கம்பத்து வீட்டுக்காரனுக்கு அந்த வாசல் இல்லை.

தனியார் என்றதும் வடக்கில் பலருக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் ஞாபகம் வரும். தனியார் டீசல் மின்நிலையத்தின் எண்ணெய் கிணற்று நீரில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அந்த வலி எனக்கும் உண்டு. ஆனால் அது உற்பத்தி, விநியோகம் இல்லை. அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சரியில்லை.

அதேபோல 'அரசு என்றால் மலிவு' என்பதும் சரியில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தியது அரச காலத்தில்தான். அந்த ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 சதவீதம். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எங்கள் கம்பத்தில் 180தான்.

2024இல் வந்த புதிய மின்சாரச் சட்டம் உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று எல்லாவற்றையும் தனித்தனிக் கம்பனிகளாக்கச் சொல்கிறது. அந்தக் கம்பனிகள் முழுவதும் அரசிடமே இருக்கும் என்று 2025இல் திருத்தம் வந்தது. பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. விநியோகக் கம்பனியின் கணக்கில் ஒவ்வொரு கிராமத்து லைனும் இனித் தனியாகத் தெரியக்கூடும். நட்டம் என்று தெரிந்த லைனுக்கு யார் ட்ரான்ஸ்போமர் வைப்பார்?

இவ்வளவும் எழுதிவிட்டு, மச்சான் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அரசு செய்ததைத்தான் மேலே கூடுதலாகப் புகழ்ந்திருக்கிறேன். ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவில்லை. ஆனால் வைண்டிங் காசு கொடுத்து முடித்த இந்தக் கிழமையில், 216க்குக் கீழே போக விட மாட்டேன் என்று யாராவது ஒரு தாளில் எழுதி நீட்டினால், அவன் அரசாங்கத்தின் ஆளா, கம்பனியின் ஆளா என்று கேட்காமல் கையெழுத்து வைப்பேன். கடைசிக் கம்பத்தில் ஒரு மீற்றர் பூட்டி, அதன் கணக்கை மாதாமாதம் ஊருக்குப் போட வேண்டும் என்ற வரி அந்தத் தாளில் இருக்க வேண்டும். குறைந்த மாதத்துக்கு எங்கள் பில்லில் கழிக்க வேண்டும் என்ற வரியும் இருக்க வேண்டும். அரசு அந்தத் தாளை முதலில் நீட்டினால் இன்னும் சந்தோஷமாக வைப்பேன்.