புது நன்மைப் பரிசு: வெள்ளி டம்ளரா, பீங்கானா, எவர்சில்வர் தட்டா?

கத்தோலிக்கரின் வழிபாடான திருப்பலியில் தரப்படும் நற்கருணை அப்பத்தைப் பிள்ளை முதன்முதலாக வாங்குவதே புது நன்மை. அதை வாங்கும் பிள்ளைக்கு ஜெபமாலையும் ஜெபப் புத்தகமும் எப்படியும் வந்துவிடும் என்பதால், உறவினர் பலர் பாத்திரக் கடைப் பக்கம் திரும்புகிறார்கள். சுமார் 7 வயதிலேயே நற்கருணை வழங்கலாம் என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆணையிட்டதிலிருந்து இது சிறு பிள்ளைகளின் விழா. பரிசையும் அந்தச் சிறு கைகளை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

வெள்ளி டம்ளருக்குள்ள மதிப்பு வேறெதற்கும் இல்லை. 925 முத்திரை இருந்தால் 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி என்று பொருள். அவசரத்துக்கு அடகுக் கடையிலும் செல்லும். ஆனால் வெள்ளி சூட்டை மிக வேகமாகக் கடத்துவதால் சூடான பாலை ஊற்றிய டம்ளரைப் பிள்ளையால் பிடிக்க முடியாது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுத்தும் போகும் என்பதால், அது துணியில் சுற்றப்பட்டுப் பீரோவுக்குள் போவதே வழக்கம். திருப்பலிக் கிண்ணத்தின் சாயலில் செய்த வெள்ளிக் கோப்பைகளும் கிடைக்கின்றன. பீடத்துக்குரிய வடிவத்தில் பால் குடிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

பிள்ளையின் படம் அச்சிட்ட பீங்கான் கோப்பை மலிவானது, பார்த்தவுடன் மகிழ்விப்பது. ஆயினும் அந்தப் படம் பெரும்பாலும் கோப்பைக்கு மேலே பூசிய மெல்லிய பூச்சில்தான் ஏறியிருக்கும். நார் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும். சூளையில் சுட்டு ஏற்றிய படமா என்று கேட்டு வாங்கினால் நெடுநாள் நிற்கும்.

எவர்சில்வர் தட்டுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த ரகம் துருவை நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ரகம் என்று சிலர் நம்புகிறார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால், ரகத்தைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குவதே மேல். பெயர் வெட்டக் கொடுக்கும்போது எழுத்துகளைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். வெட்டியதை அழிக்க முடியாது. எனக்கு அத்தை கொடுத்த தட்டில் ஒரு புள்ளி விடுபட்டு, 'புது நனமை நினைவாக' என்றே இருக்கிறது. வெள்ளி டம்ளர் எந்தப் பீரோவில் இருக்கிறதென்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். இந்தத் தட்டில் நேற்றும் சாப்பிட்டேன்.