வேக நடையா, விட்டு விட்டு ஓடுவதா? சென்னை வெயிலுக்கு என் ஓட்டு

பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் காலையில் போனால் இரண்டு கட்சி கண்ணில் படும். கையை வீசி வேகமாக நடப்பவர்கள் ஒரு கட்சி. அரை நிமிடம் தலைதெறிக்க ஓடி, ஒரு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி ஓடுபவர்கள் இன்னொரு கட்சி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நடைக் கட்சியில் சேர்ந்தவன் நான். அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நேரக் கணக்கில் ஓட்டம்தான் லாபம். உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு மிதமான உழைப்பு என்றால் குறைந்தது 150 நிமிடம், கடும் உழைப்பு என்றால் 75 நிமிடம் என்கிறது. மெதுவாகச் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்ற ஜிம் பேச்சை வைத்து நடைக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். மிதமான வேகத்தில் எரிவதில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பது சரி. ஆனால் தொப்பை குறைவது மொத்தக் கலோரி வரவு செலவைப் பொறுத்தது.

என்னை நடைப் பக்கம் தள்ளியது வியர்வை. தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே போகிறது. அதை வெளியேற்றத்தான் வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துப்போகும். முழங்கையிலிருந்து சொட்டித் தரையில் விழுந்தால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. மே மாதத்துச் சென்னைக் காற்றிலேயே அவ்வளவு ஈரம். வியர்வை ஆவியாக இடமில்லை. அந்தக் காற்றில் ஓடுபவனுக்கு உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், சட்டை பிழியப் பிழிய நனைந்திருந்தாலும். நடையில் உண்டாகும் சூடே குறைவு, உடம்பு சமாளித்துக்கொள்கிறது.

நனைந்த சட்டையைக் கொழுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே நடையை பெங்களூரில் நடந்தால் பாதிகூட நனையாது, எரியும் கலோரி ஏறக்குறைய அதேதான். முடித்ததும் எடைமெஷினில் குறைந்து தெரிவது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். இதற்காக மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி அவசரமாக எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் வியர்வையை வெளியே விடாத ரப்பர் உடைக்கு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் தடை வந்தது.

நடை என்றால் காய்கறி வாங்கப் போகும் நடை இல்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். தலை சுற்றினாலோ, வெயிலில் உடம்பு சில்லிட்டுப் புல்லரித்தாலோ உடனே நிறுத்தி, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஓட்டத்தைத் தொடங்கும் முன் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

ஏசி ஜிம்மில் ஓடுபவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே நான் அதிகம் ஓடியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். மார்கழியில் கேட்டால் நானே கட்சி மாறினாலும் மாறுவேன்.