மசாய் மாராவுக்கு எந்த ஜூம்: 100-400ஆ, 200-600ஆ?

சோனி கேமராவோடு கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குக் கிளம்பும் பலரும் கடைசி நேரம்வரை குழம்பும் விஷயம் இது. எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில்; எண் கூடக்கூட தூரத்துக் காட்சி பெரிதாகத் தெரியும். 100-400 ஜிஎம் லென்ஸ் சுமார் 1.4 கிலோ, 200-600 ஜி லென்ஸ் 2.1 கிலோ. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் பொதுவாக 15 கிலோ சாமான்தான் அனுமதி. அந்த முக்கால் கிலோ உறுத்தத்தான் செய்யும்.

ஆனாலும் இரண்டு கேமரா இருந்தால் என் ஓட்டு 200-600க்குத்தான். காப்பகத்துக்குள் வண்டி தடத்தை விட்டு இறங்கக் கூடாது. தூரத்துக் கரையான் புற்றில் ஏறி நோட்டம் விடும் சிவிங்கிப்புலி 400இல் பொடியாகத்தான் விழும். இன்னொன்று, 200-600இல் ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (மணிகள் நிரப்பிய பை) போட்டு லென்ஸைக் கிடத்தியிருக்கும்போது வளையத்தைச் சற்றே திருப்பினால் போதும், சமநிலை குலையாது. 100-400 முன்னால் நீளும். மூக்கு கனத்துச் சாயும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். ஜூமின் கடைசி முனையில் 100-400இன் லென்ஸ் திறப்பு எஃப் 5.6, 200-600இன் திறப்பு 6.3, வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி).

சரி, 100-400 எங்கே ஜெயிக்கும்? வண்டி நிழலில் சிங்கம் வந்து படுக்கும்போது. அப்போது 200-600இன் தொடக்கமான 200இல்கூட முகம் மட்டும்தான் அடங்கும். யானைக் கூட்டத்துக்கும் இதே கதை. இரண்டாவது கேமராவில் 24-105 லென்ஸ் இருந்தால் இந்தக் குறை தீரும். ஒரே ஒரு கேமராதான் என்றால், யோசிக்காமல் 100-400ஐ எடுங்கள்.

எதுவானாலும் படமெடுக்கும்போது எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள்.