விமான நிலைய மழைநீர் வடிகாலுக்கு ஏற்ற ஸ்பில் கிட்: 95 கேலன் பீப்பாய் வகை பற்றிய மதிப்புரை

சக்கரம் பொருத்திய மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பீப்பாய். அதற்குள் சிந்திய திரவத்தை உறிஞ்சும் பேட்கள், நீண்ட உறிஞ்சு உருளைகள், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, கழிவுப் பைகள். அமெரிக்கத் தொழிற்கூடங்களில் பரவலாகக் காணப்படும் 95 கேலன் ஸ்பில் கிட், அதாவது சிந்தியதைத் தடுத்து அகற்றும் பொருள்களின் தொகுப்பு, இதுதான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஒரு வட்டார விமான நிலையத்தில் மழைநீர் மாசுத் தடுப்புப் பணியைக் கவனித்து வரும் நான், இதை எரிபொருள் நிரப்பும் இடத்தருகே வைத்துக் குளிர்காலத்திலும் கோடையிலும் பயன்படுத்தியிருக்கிறேன். ஏறத்தாழ இதே வடிவில் பல நிறுவனங்கள் விற்பதால் எந்த நிறுவனத்தையும் சுட்டாமல் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பீப்பாய் நல்ல பொருள், ஆனால் அதற்குள் வழக்கமாக அடைத்துத் தரப்படுபவை விமான நிலையத்தை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. உள்ளடக்கத்தை நாம் கேட்டபடி மாற்றித் தரச் சம்மதிக்கும் விற்பனையாளரிடம் மட்டுமே இதை வாங்க வேண்டும்.

ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றலாம். விமானங்கள் நிற்கும் கான்கிரீட் தளத்தில் விழும் மழை, பெரும்பாலான சிறிய விமான நிலையங்களில் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. இரும்புக் கிராதி வழியாக வடிகாலில் இறங்கி, குழாய் வழியே நேராக அருகிலுள்ள ஓடைக்குப் போய்விடுகிறது. 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்தில் 1987-இல் செய்யப்பட்ட திருத்தம் தொழிற்கூட மழைநீரையும் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தது. பெரும்பாலான மாநிலங்கள் இந்த அனுமதியைத் தாமே வழங்குகின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே நேரடியாக வழங்குகிறது. 2021 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த அதன் பொது அனுமதியில் வான்வழிப் போக்குவரத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. எழுத்து வடிவில் மாசுத் தடுப்புத் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். எண்ணெய்க் கசிவுக்கென்று உள்ள வேறொரு விதி, நிலையான தொட்டியைச் சுற்றி அதன் கொள்ளளவைத் தாங்கும் அணை கேட்கிறது. ஓடித் திரியும் எரிபொருள் டேங்கர்களுக்கு அந்த அளவு அணை தேவையில்லை என்று 2006-இல் விலக்கு அளிக்கப்பட்டது; ஆனால் சிந்தினால் தடுத்து நிறுத்தும் பொது ஏற்பாடு அவற்றுக்கும் வேண்டும். அந்த ஏற்பாடு என்று எங்களைப் போன்ற சிறிய நிலையங்கள் காட்டக்கூடியது பெரும்பாலும் இந்தப் பீப்பாயும், அதைத் திறக்கத் தெரிந்த ஆட்களும்தான். ஓடையில் எண்ணெய்ப் படலம் தென்பட்டாலே கூட்டாட்சி அரசின் தேசிய மறுமொழி மையத்துக்கு (National Response Center) தெரிவிக்க வேண்டும் என்பதால், கிராதிக்கு முன்பாகவே தடுப்பதும் தடுக்கத் தவறுவதும் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிற காரியம்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். எங்களுக்கு வந்த கிட்டில் இருந்த பேட்கள் அனைத்தும் சாம்பல் நிறத்தவை. சாம்பல் நிறம் என்றால் எல்லாத் திரவத்தையும் உறிஞ்சும் பொதுவகை. வெள்ளை நிறம் என்றால் எண்ணெயை மட்டும் உறிஞ்சித் தண்ணீரைத் தள்ளிவிடும் வகை. இந்த வேறுபாடு விற்பனைப் பட்டியலில் ஒரு சிறு வரியாகத்தான் இருக்கும், ஆனால் தளத்தில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மழை தூறிக்கொண்டிருக்கையில் இறக்கை நுனிக்கு அருகிலுள்ள காற்றுத் துளை வழியாக ஜெட் ஏ எரிபொருள் வழிந்ததென்று வையுங்கள். சாம்பல் பேட்டைப் போட்டதும் அது முதலில் மழைத் தண்ணீரைக் குடித்து நிறைந்துவிடும். தூக்கினால் கனத்துத் தொங்கும். வானவில் நிறத்தில் மினுங்கும் படலமோ பேட்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கிராதியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அதே இடத்தில் பாலிபுரொப்பிலீனால் செய்த வெள்ளைப் பேட்டை விரித்தால், அது நீரின் மேல் மிதந்தபடியே எண்ணெயை மட்டும் இழுத்துக்கொள்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான 100 எல்எல் பெட்ரோல் நீலச் சாயம் ஏற்றப்பட்டது. வெள்ளைப் பேட்டில் அந்த நீலம் படிவதைப் பார்த்தே, சிந்தியது ஈயம் கலந்த பெட்ரோல் என்று தெரிந்துகொள்ளலாம். தீப்பற்றும் ஆபத்தும் கழிவை அகற்றும் முறையும் இரண்டு எரிபொருளுக்கும் ஒன்றல்ல என்பதால் இது சிறிய வசதி அல்ல.

அப்படியானால் முழுக்க வெள்ளையே வாங்கிவிடலாமா என்றால், கூடாது. இறக்கைகளில் படியும் பனியை நீக்கத் தெளிக்கும் கிளைகால் தண்ணீரோடு முற்றாகக் கலந்துவிடுவது. வெள்ளைப் பேட் அதைத் தண்ணீரைப் போலவே தள்ளிவிடும். கிளைகாலுக்குச் சாம்பல் பேட்தான் வேண்டும். எனவே இரண்டு வகையும் பாதிப் பாதியாக, வெவ்வேறு பைகளில், வெளியே பெரிய எழுத்தில் ‘எரிபொருள்’, ‘கிளைகால்’ என்று எழுதப்பட்டு இருக்க வேண்டும். இருட்டில், காற்றில், தடித்த கையுறையோடு நிற்பவர் நிறத்தின் பொருளை நினைவுபடுத்திக்கொண்டு நிற்க முடியாது. நாங்கள் அப்படிப் பிரித்து வைத்த பிறகுதான் இந்தக் கிட் உண்மையில் பயன்பட ஆரம்பித்தது.

கிளைகால் என்றதும் இந்தப் பீப்பாயின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். புரொப்பிலீன் கிளைகால் மனிதருக்குப் பெரிய நச்சு அல்ல என்பதால் பலர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓடையைப் பொறுத்தவரை ஆபத்து வேறு வழியில் வருகிறது: நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. ஒரு கிலோ புரொப்பிலீன் கிளைகால் முழுமையாகச் சிதைவதற்கு வேதிக் கணக்கின்படி சுமார் 1.68 கிலோ ஆக்சிஜன் வேண்டும். உறைநிலையில் உள்ள நன்னீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அதாவது அந்த ஒரு கிலோ, ஒரு லட்சத்து 15 ஆயிரம் லிட்டர் நீரின் ஆக்சிஜனை முழுவதும் விழுங்கவல்லது. ஒரு விமானத்துக்குத் தெளித்து வழியும் திரவத்தைப் பேட்டால் ஒற்றி எடுக்க நினைப்பது வீண். அதற்கு வடிகாலை அடைத்துவிட்டு, தரையிலிருந்து உறிஞ்சி எடுக்கும் வண்டியைக் கொண்டுவருவதே முறை. கலவைத் தொட்டியருகே குழாய் இணைப்பில் ஒழுகுவது, வாளி கவிழ்வது போன்ற சிறு சிந்தல்களுக்கு மட்டுமே கிட் உதவும்.

கிட்டில் உள்ளவற்றில் என் மதிப்பில் முதலிடம் பெறுவது வடிகால் மூடிதான். கனத்த பாலியூரித்தேன் விரிப்பு அது. மென்மையாகவும் சற்றே ஒட்டும் தன்மையோடும் இருப்பதால், கிராதியின் மேல் போட்டதும் தன் எடையாலேயே கான்கிரீட்டோடு படிந்துகொள்கிறது. ஒன்றும் தெரியாத புதிய ஊழியர்கூட முதலில் இதை இழுத்துப் போட்டுவிட்டால், மற்றவற்றை நிதானமாகச் செய்யலாம். எங்கள் பயிற்சியிலும் முதல் பாடம் இதுவே: உறிஞ்சுவது பிறகு, வடிகால் வாயை அடைப்பது முன்பு. குறைகளும் இல்லாமல் இல்லை. விரிப்பு கிராதியைவிட எல்லாப் பக்கமும் சில அங்குலம் அகலமாக இருந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். கிட்டோடு வரும் மூடியோ சாலையோர வடிகாலுக்கான அளவு, விமானத் தளத்தின் பெரிய கிராதிகளுக்குப் போதாது. மணலோ பனிக்கட்டியோ இருந்தால் அடியில் இடைவெளி விழுந்து திரவம் ஒழுகும்; ஆகவே பீப்பாயோடு ஒரு துடைப்பத்தைக் கட்டி வைக்க வேண்டும். கடும் குளிரில் விரிப்பு விறைத்துப்போகும் என்பதால் குளிர்காலத்தில் ஒன்றைச் சூடான அறைக்குள் வைத்திருக்கிறோம். பெருமழையில் மூடியைப் போட்டால் தளத்தில் வெள்ளம் கட்டும்; அப்போது குழாயின் கீழ்க்கோடியில் உள்ள அடைப்பு வால்வுதான் கைகொடுக்கும். வேலை முடிந்ததும் விரிப்பை உடனே எடுத்துவிட வேண்டும் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். தளத்தில் கட்டப்படாமல் கிடக்கும் எந்தப் பொருளும் எஞ்சினின் காற்றுவீச்சில் பறந்து போய் இன்னொரு விமானத்தைச் சேதப்படுத்தக்கூடும்.

இதே காரணத்தால்தான், சில கிட்களில் மூட்டையாக வரும் களிமண் குருணையை நான் ஏற்பதில்லை. வாகனப் பட்டறைக்கு அது மலிவான, நல்ல பொருள். விமானத் தளத்திலோ கூட்டி அள்ளியபின் மிஞ்சும் குருணை எஞ்சினுக்குள் உறிஞ்சப்படலாம். அள்ளாமல் விட்டதை அடுத்த மழை வடிகாலுக்குள் கொண்டுபோகும். குருணையைத் தவிர்த்து அந்த இடத்தில் பத்தடி நீள உருளைகளைக் கூடுதலாகக் கேளுங்கள். நான்கடி உருளைகளைச் சேர்த்து வைத்தால் இணைப்புகளின் வழியே கசிகிறது.

பீப்பாயின் திருகு மூடி பற்றி ஒரு புகார். கோடையில் மழை புகாமல் காக்கும் அதே மரை, குளிர்காலத்தில் நீர் தங்கி உறைந்து, திறக்க முடியாமல் இறுகிவிடுகிறது. வடக்குப் பகுதி நிலையங்கள் கீல் மூடி வைத்த வண்டி வகையைத் தேர்வது நல்லது. மூடிக்கு ஒரு முறை மட்டும் உடையும் பிளாஸ்டிக் முத்திரை அவசியம். முத்திரை இல்லாத பீப்பாயிலிருந்து கையுறைகள்தான் முதலில் காணாமல் போகின்றன. முத்திரை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதை எங்கள் வழக்கமான ஆய்வுப் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்த்தது பெரிதும் உதவியது. வெளியே அச்சிட்ட உறிஞ்சும் கொள்ளளவையும் அப்படியே நம்ப வேண்டாம். பேட்டை எண்ணெயில் ஊறவைத்து, வடியவிட்டு, எடை போட்டுப் பெறும் அளவு அது. ஈரத் தரையில் மெல்லிய படலத்தின் மேல் விரிக்கும்போது அதற்கு வெகுவாகக் குறைவாகத்தான் கிடைக்கும்.

வாங்கியது பயன்படுகிறதா என்று அறிய அனுமதி விதியே ஒரு வழி தருகிறது. காலாண்டுக்கு ஒரு முறை, முந்தைய மழை முடிந்து 72 மணி நேரமாவது கடந்தபின் வரும் மழையில், வெளியேற்றம் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள், நிறமற்ற குடுவையில் நீரைப் பிடித்து நிறம், வாசனை, தெளிவு, மிதப்பவை, படிபவை, நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எரிபொருள் தளத்தின் வடிகாலில் பிடிக்கும் குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கையில் மேற்பரப்பில் நிறம் மினுங்குகிறதா என்பதே நான் முதலில் தேடுவது. மினுங்கினால் கிட்டை விட்டுவிட்டு, பழக்கத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது பெரிய சிந்தலாக இராது. பறப்பதற்கு முன் எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று சிறு குவளையில் பிடித்துச் சோதிக்கும் விமானிகள் அதைத் தரையிலேயே வீசுவதாக இருக்கும். சிறிய விமானங்கள் கட்டி நிறுத்தும் வரிசையில் மூடியுடைய சேகரிப்புக் கலன் ஒன்றை வைப்பது, பல நூறு டாலர் விலையுள்ள இரண்டாவது பீப்பாயைவிட அங்கே அதிகம் பயன் தரும்.

ஆர்டர் கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: பாதி வெள்ளை, பாதி சாம்பல் பேட்கள் தனித்தனிப் பைகளில், பத்தடி உருளைகள், உங்கள் தளத்தின் மிகப் பெரிய கிராதியை அளந்து அதற்கேற்ற பாலியூரித்தேன் மூடி, குருணை வேண்டாம், கீல் மூடி, முத்திரைகள் ஒரு கட்டு, மறுநிரப்புப் பொதியின் விலை எழுத்தில். பெட்ரோல் ஊறிய பேட்களை அதே பீப்பாயில் திரும்பப் போட்டு மறந்துவிடாமல், தனி உலோகக் கலனில் வைத்து, கழிவு எடுப்பவர் எந்த வகையாக அதை ஏற்பார் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள்.