ஆக்ஸ்போர்டில் மோர்ஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன்

‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரைப் படமெடுத்த இடங்களைக் காட்டுகிறோம் என்று சொல்லி, ஆக்ஸ்போர்டில் நடைச் சுற்றுலா நடத்தும் ஒருவர் என்னையும் அப்பாவையும் ஏமாற்றிவிட்டார். வங்கியில் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இந்தத் தொடர் உயிர். 1987 முதல் 2000 வரை வந்த 33 கதைகள், அதன் பிறகு வந்த கிளைத் தொடர்களான ‘லூயிஸ்’ 33, 2023-ல் முடிந்த ‘எண்டெவர்’ 36, எல்லாமே பார்த்தவர். ஊரிலிருந்து வந்ததும் அவர் கேட்ட ஒரே இடம் ஆக்ஸ்போர்டுதான். அதனால்தான் கோபம் இன்னும் அடங்கவில்லை.

விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன. கடைசிக் கதையில் மோர்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் எக்ஸிடர் கல்லூரி முற்றத்துக்குள் போகலாம். ராண்டால்ஃப் ஹோட்டலின் மோர்ஸ் பாரில் உட்காரலாம். ஆற்றங்கரை மதுக்கடையான ட்ரவுட் இன்னையும் பார்க்கலாம். ஆளுக்கு 45 பவுண்டு.

டர்ல் தெருவில் எக்ஸிடர் வாசல் வரை கூட்டிப்போன வழிகாட்டி, “இன்று மூடிவிட்டார்கள்” என்று சொல்லிவிட்டு நடந்தார். அப்பா அசையவில்லை. வாயிலில் இருந்த காவலரிடம் நேராகப் போய்க் கேட்டார். குழுவாக வருவதென்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அப்படி யாரும் சொல்லவில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அதாவது, உள்ளே போகிற ஏற்பாடே இல்லாமல் அந்த முற்றத்தின் படத்தைப் போட்டுச் சீட்டு விற்றிருக்கிறார்கள்.

ராண்டால்ஃப் ஹோட்டலை எதிரே உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் பக்கம் நின்றபடியே காட்டினார். ட்ரவுட் இன் இருப்பது ஊருக்கு வெளியே வுல்வர்கோட்டில். இரண்டு மணி நேர நடையில் அங்கே போய்த் திரும்புவது நடக்காத காரியம். அவர் கைப்பேசியில் படம் காட்டினார், அவ்வளவுதான்.

பொறுக்க முடியாதது வேறு. ராட்கிளிஃப் சதுக்கத்தில் நின்றபோது, தொடரில் வரும் லான்ஸ்டேல் கல்லூரி எங்கே என்று ஒரு பெண்மணி கேட்டார். “அது ஸ்டூடியோவில் போட்ட செட்” என்றார் வழிகாட்டி. பிரேஸ்னோஸ் கல்லூரியைத்தான் லான்ஸ்டேலாகக் காட்டினார்கள், அதன் வாசலோ அதே சதுக்கத்தில் எங்கள் கண்ணெதிரே இருந்தது! அப்புறம் வடக்கு ஆக்ஸ்போர்டில் யாரோ குடியிருக்கும் ஒரு வீட்டைக் காட்டி, “மோர்ஸின் வீடு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். மோர்ஸ் வீட்டின் வெளிப்புறத்தைப் படமெடுத்தது லண்டனில், ஈலிங் பகுதியில். சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பத்தின் ஜன்னலுக்கு நேராக ஒரு கூட்டமே கேமராவை நீட்டிக்கொண்டு நின்றது. “வாம்மா, நாம போகலாம்” என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ‘கல்லூரி அனுமதி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று இரண்டு வரி பதில். இதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதி. சொன்னபடி செய்யாவிட்டால் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கிரெடிட் கார்டுக்கான பாதுகாப்பு (அது வேறு சட்டம், நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு) 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ளவற்றுக்கே என்பதால் இங்கே உதவாது. வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்ப வாங்கித் தரச் சொல்லுங்கள். விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன், வங்கி முதலில் கேட்டதே அதைத்தான்.

போக நினைப்பவர்கள், எந்தக் கல்லூரிக்குள் போகிறோம், அனுமதி வாங்கியாயிற்றா என்று பெயர் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். மே, ஜூனில் தேர்வுகள் நடப்பதால் பல கல்லூரிகள் வெளியாட்களை விடாது. ஆக்ஸ்போர்டுக்கென்று முறையாகத் தேர்வெழுதித் தேறிய ‘கிரீன் பேட்ஜ்’ வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பேட்ஜைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். எங்கள் ஆளிடம் அது இல்லை.

உண்மையில் பாதி இடங்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. மோர்ஸ் பார், பிராட் தெருவில் ஒயிட் ஹார்ஸ், ஹெர்ட்ஃபோர்ட் பாலத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் டர்ஃப் டேவர்ன், இந்த மூன்று மதுக்கடைகளுக்கும் நீங்களே போகலாம். அன்று சாயங்காலம் நாங்கள் அப்படித்தான் போனோம்.

அந்தச் சுற்றுலாவின் விளம்பரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அதே எக்ஸிடர் முற்றத்துப் படத்தோடு.